இரண்டு அடி, பிறகு இருபது வரை

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்பா நயாகராவுக்குக் கூட்டிப்போவார். அதில் விருந்தாளிக்கோ எங்களுக்கோ கருத்துச் சொல்ல உரிமை இல்லை. நியூஜெர்சியில் நாங்கள் இருந்த எடிசனிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த ரெஸ்ட் ஏரியாவில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும், எந்தக் கம்பியோரம் நின்றால் அருவி முழுவதும் போட்டோவில் விழும் என்பதையெல்லாம் அப்பா ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். எனக்குப் பத்து வயது முடிவதற்குள் ஏழு முறை நயாகரா பார்த்துவிட்டேன். ஏழு முறையும் நீர் ஒரே திசையில்தான் விழுந்தது.

அந்தக் கோடையில் டல்லாஸிலிருந்து மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி; டெக்சாஸில் மேற்படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்ந்திருந்தார். வந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போதே அப்பா பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டார். அப்போதுதான் அம்மா, கையில் இருந்த சாம்பார் கரண்டியைக் கீழே வைக்காமலேயே, "இந்தத் தடவை நயாகரா வேண்டாங்க. ஒரு லைட்ஹவுஸ் பாக்கணும்" என்றாள்.

அப்பா கரண்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அமெரிக்கா வந்த ஏழு வருடத்தில் அம்மா இன்ன இடம் பார்க்க வேண்டும் என்று கேட்டதே இல்லை என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உறையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "எங்க இருக்கு அது?" என்று கேட்டார்.

அது மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், கரையிலிருந்து தள்ளி, ஒரு சின்னத் தீவில் இருந்தது. கார் ஓட்டமே ஒன்பது மணி நேரம், அதன்பின் படகு. அம்மா நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு கனத்த புத்தகத்தில் அந்தத் தீவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த அரைப் பக்கத்தை அவள் எத்தனை முறை படித்தாளோ, புத்தகத்தை மேஜையில் போட்டால் தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொள்ளும்.

என் அம்மா வேலைக்குப் போகாத அம்மா. அப்பாவின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அன்றைக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். சில அம்மாக்கள் முட்டை சாப்பிடுவார்கள், சிலர் சாப்பிடமாட்டார்கள் என்பதுபோல, சில அம்மாக்கள் வேலைக்குப் போவார்கள், சிலர் போகமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் அம்மா முட்டையும் சாப்பிடமாட்டாள்.

ஜூலை மாத நீண்ட வாரக்கடைசியில் கிளம்பினோம். மறுநாள் காலை பத்து மணிக்குத் தபால் படகு எங்கள் நால்வரையும், இரண்டு சாக்குத் தபாலையும், ஒரு பெட்டி தக்காளியையும் தீவில் இறக்கிவிட்டது. மாலை நாலு மணிக்குத் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனது. தீவு மொத்தமும் வெறும் பாறை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். நடுவில் வெள்ளையடித்த கல் கோபுரம், அதை ஒட்டி ஒரு மர வீடு, கடலைப் பார்த்த பக்கம் ஒரு சட்டத்தில் தொங்கும் பெரிய வெண்கல மணி. அவ்வளவுதான்.

"இதைப் பாக்கவா ஒம்பது மணி நேரம் டிரைவ் பண்ணோம்?" என்றார் மாமா. "திருச்செந்தூர் கோபுரத்துல பாதி கூட இல்லயேக்கா."

"கோபுரத்தோட உயரம் முக்கியமில்லடா. அது நிக்கிற பாறையோட உயரத்தையும் சேத்துக்கணும்" என்றாள் அம்மா. மாமா அத்தோடு கலங்கரை விளக்கத்தின் மீதான ஆர்வத்தை முடித்துக்கொண்டு, படகுத்துறையில் கட்டியிருந்த துடுப்புப் படகைப் பார்க்கத் தொடங்கினார்.

மர வீடு இப்போது ஒரு சின்ன அருங்காட்சியகம். கோடைக்காலம் முழுக்க அங்கே தங்கி அதைக் கவனித்துக்கொள்ளும் ஒரு அமெரிக்கப் பெண்மணி வாசலுக்கு வந்தார். எழுபது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய வெள்ளை முடி. போன வாரம் கடல்பாசியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அவர் அன்றிலிருந்து இன்றுவரை லைட்ஹவுஸ் ஆன்ட்டிதான்.

படகை எடுக்கலாமா என்று மாமா கேட்டார். எடுக்கலாம், இரண்டு பேர் போகலாம், லைஃப் ஜாக்கெட் கட்டாயம், ஆனால் துறைக்கு எதிரே தண்ணீருக்கு மேல் தெரிந்த இரண்டு பாறைகளைத் தாண்டக் கூடாது என்றார் ஆன்ட்டி. மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கோவில்பட்டிக்காரர். கரிசல் காட்டில் வளர்ந்தவருக்கு நீச்சல் தெரிய நியாயமில்லை. "நான் கரையிலயே நிக்கிறேன் மாப்ள. நீ போய்ட்டு வா" என்றார்.

"என்ன அத்தான் நீங்க! தாமிரபரணில சுழிக்குள்ள நீந்துனவன் நான். நான் இருக்கும்போது உங்களுக்கு என்ன?"

அப்பா தலையாட்டி மறுத்தார். அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தது நான். பள்ளி மைதானத்தில் பாடும் ராகத்தில், "அப்பா இஸ் ஸ்கேர்ட்! அப்பா இஸ் ஸ்கேர்ட்!" என்று குதித்துக்கொண்டே பாடினேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு செல்போனை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஆரஞ்சு நிற ஜாக்கெட்டின் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்து, படகில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் படகின் இரு விளிம்புகளையும் அவர் விடவில்லை.

அம்மாவும் நானும் ஆன்ட்டியோடு வீட்டுக்குள் போனோம்.

ஆன்ட்டி வேகமாகப் பேசுகிறவர். முதலில் இங்கே இருந்தது மரக் கோபுரம், ஒரு குளிர்காலப் புயலில் அது அடித்துக்கொண்டு போனது, அதன்பின் கரையிலிருந்து கருங்கல்லைப் படகில் கொண்டுவந்து, மாடுகளை வைத்து மேலே இழுத்துக் கட்டினார்கள் என்றார். முதலில் திமிங்கல எண்ணெய், பிறகு மண்ணெண்ணெய், கடைசியில் மின்சாரம். இன்றைக்குக் கோபுரத்தின் உச்சியில் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளக்கு. சூரியத் தகட்டில் தானே எரிந்து தானே அணைந்துவிடும். விளக்குக் காவலர் யாரும் வேண்டாம். மூடுபனிக்கு ஊதிக்கொண்டிருந்த குழல்கூட, இப்போது எல்லாப் படகிலும் வழிகாட்டும் கருவி இருக்கிறது என்று சொல்லிச் சில வருடங்களுக்கு முன்னால் கழற்றப்பட்டுவிட்டது. தீவில் மண்ணே கிடையாது என்பதால், காவலரின் குடும்பம் வசந்தகாலம் தோறும் கரையிலிருந்து மூட்டை மூட்டையாக மண் கொண்டுவந்து பாறை இடுக்குகளில் கொட்டி முட்டைக்கோஸ் போட்டார்களாம். குளிர்காலத்தில் அலை வந்து அந்த மண்ணை வழித்துக்கொண்டு போய்விடுமாம். அடுத்த வசந்தத்தில் மறுபடி மூட்டை.

"மறுபடியுமா?" என்று அம்மா தமிழிலேயே கேட்டுவிட்டாள். ஆன்ட்டிக்குப் புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினார்.

அம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த பழைய தினக்குறிப்பேட்டைக் குனிந்து பார்க்கத் தொடங்கினாள். காவலர் ஒவ்வொரு நாளும் காற்று, வானிலை, எரித்த எண்ணெயின் அளவு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அன்றைய விதி. ஆன்ட்டி என் பக்கம் திரும்பி, எந்த வகுப்பு, எந்த ஊர் என்று விசாரித்தார். அப்பா என்ன செய்கிறார்? கம்ப்யூட்டர் என்றேன். அம்மா என்ன செய்கிறார்?

"நத்திங்" என்றேன். "ஷி ஜஸ்ட் ஸ்டேஸ் ஹோம்."

அம்மாவின் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா நிமிர்ந்தாள். "எக்ஸ்கியூஸ் மீ. திஸ் இஸ் நாட் ஒன் பர்சன்ஸ் ரைட்டிங்" என்றாள். அம்மாவின் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி இடைவெளி விட்டு நிற்கும். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. ஆன்ட்டி சிரித்துக்கொண்டே, இது ஒரே காவலர் எழுதியது, ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது, குளிரில் கை விறைத்தால் எழுத்து மாறும் என்று பொறுமையாக விளக்கினார்.

அம்மா விடவில்லை. குளிரில் எழுத்து நடுங்கும், ஆனால் சாய்வு மாறாது என்றாள். இடது பக்கத்தில் எழுத்துகள் வலப்புறம் சாய்ந்திருக்கின்றன; வலது பக்கத்தில் நேராக நிற்கின்றன. வலது பக்கத்தில் சின்ன டி (d) என்ற எழுத்தின் வால் மேலே போய்ப் பின்னால் சுருள்கிறது. அந்தச் சுருள் இடது பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. சொல்லிவிட்டு அவள் ஆன்ட்டியைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே சுவரில், சட்டம் போட்டு, காவலரின் மனைவி எழுதிய விதைப் பட்டியல் ஒன்று மாட்டியிருந்தது. முட்டைக்கோஸ், பீட்ரூட், வெங்காயம், ஒவ்வொன்றின் பின்னாலும் சீட் (seed) என்ற சொல். ஒவ்வொரு டி எழுத்துக்கும் வால் பின்னால் சுருண்டிருந்தது.

ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு விதைப் பட்டியலின் அருகே முகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார்.

அம்மா கொஞ்சம் தயங்கினாள். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆறு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்ததாகவும், யாருடைய ரெக்கார்டு நோட்டை யார் எழுதிக்கொடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலையில் பாதி என்றும் சொன்னாள். ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா சொல்லி ஓர் அமெரிக்கர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆன்ட்டி சாவியைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். இருவரும் குறிப்பேட்டை மேஜைமேல் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார்கள். அந்தக் குளிர்காலத்தில் காவலருக்குக் கால் முறிந்தது ஆன்ட்டிக்குத் தெரியும். கரையிலிருந்து மாற்று ஆள் யாராவது வந்திருப்பார் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்களாம். ஐந்து வாரத்துக்கு, எல்லாப் பக்கங்களும் சுருண்ட வால் எழுத்து. ஒவ்வொன்றின் அடியிலும் கணவரின் பெயர். அம்மா விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனாள். ஒரு பக்கத்தில் நின்று, எனக்காகத் தமிழில் சொன்னாள்: "காலையில மூடுபனி. மணி அடிக்கிற மிஷின் உடைஞ்சு போச்சு. கையால அடிச்சிருக்கா. ரெண்டு அடி, அப்புறம் இருபது வரைக்கும் எண்ணிக்கை, திரும்ப ரெண்டு அடி. இருட்டுற வரைக்கும்."

அப்போது நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் கடல் இல்லை. வாசலில் நின்ற கொடிக்கம்பம் இல்லை. யாரோ வெளியிலிருந்து வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டதுபோல இருந்தது.

மூவரும் படகுத்துறைக்கு ஓடினோம். துறையில் படகு இல்லை. அந்த இரண்டு பாறைகள் இருக்கும் இடமே தெரியவில்லை. அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் வாயைவிட்டு வெளியே வந்ததும் பஞ்சில் விழுந்ததுபோல அமுங்கிப்போனது. ஆன்ட்டி வீட்டுக்குள் போய் ரேடியோவில் பேசிவிட்டு வந்தார். கரையிலிருந்து மீட்புப் படகு கிளம்பிவிட்டது, ஆனால் இந்தப் பனியில் ஊர்ந்துதான் வர முடியும், ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார். தண்ணீரின் குளிர் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் ஆள் நடமாட்டமே இல்லாத சாலையிலும் ஸ்டாப் பலகையைக் கண்டால் வண்டியை முழுதாக நிறுத்தி மூன்று வரை எண்ணுகிற குடும்பம். மணிக்குப் பக்கத்தில் ஒரு சுத்தியல் சங்கிலியில் தொங்கியது. அதன்மேல் தொடாதீர்கள் என்று ஒரு பலகை. அம்மா அந்தப் பலகையைப் பார்த்தாள், ஆன்ட்டியின் மாவுக்கட்டைப் பார்த்தாள், சுத்தியலைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முதல் அடியில் என் பல்லே அதிர்ந்தது. இரண்டாவது அடி.

"எண்ணுட்டி" என்றாள் அம்மா. "இருபது வரைக்கும். நிதானமா."

நான் ஆங்கிலத்தில் எண்ணினேன். இருபது வந்ததும் அம்மா அடித்தாள். மறுபடி எண்ணினேன். எத்தனை முறை என்பது நினைவில்லை. அம்மாவின் துப்பட்டா நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது நினைவிருக்கிறது. கை ஓயும்போது சுத்தியலை என்னிடம் கொடுப்பாள், நான் அடிக்கும் அடி பாத்திரம் விழுவதுபோலக் கேட்கும், இரண்டு முறைக்குமேல் என்னால் தூக்க முடியாது, திரும்ப வாங்கிக்கொள்வாள். ஆன்ட்டி ஒற்றைக் கையால் ஒரு போர்வையைக் கொண்டுவந்து என்மேல் போர்த்தினார். தூரத்தில் கடலுக்குள் எங்கேயோ இன்னொரு மணி அலைக்கேற்ப இஷ்டத்துக்கு ஒலித்தது. அது மிதவையில் கட்டிய மணி, பாறை இருக்கிறது என்று படகுகளை எச்சரிப்பதற்கு என்றார் ஆன்ட்டி. அந்தப் பக்கம் போனால் திறந்த கடல்.

ஒரு கட்டத்தில் எனக்குத் தாங்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டேன்.

"அம்மா" என்றேன். "ஐ மேட் ஹிம் கோ. ஹி டிட்ன்ட் வான்ட் டு. நான்தான்... நான் பாடினேன்ல." அழ ஆரம்பித்தேன்.

அம்மா என்னை அணைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுத்தியலைத் தோளில் சாய்த்தபடி பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனைல விட்ட?"

"லெவன்."

"அப்போ பன்னெண்டுல இருந்து ஆரம்பி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு ட்வெல்வ் என்றேன். இருபதில் அம்மா அடித்தாள். அந்த இரண்டு அடியும் மற்ற எல்லா அடியையும்விடப் பலமாக இருந்தன.

எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. ஆன்ட்டி கையை உயர்த்தினார். அம்மா அடித்த அடியின் அதிர்வு அடங்கியது. பனிக்குள்ளிருந்து, ஆற்றின் அக்கரையிலிருந்து கூப்பிடுவதுபோல நீளமாக, "அக்கோவ்!" என்று ஒரு குரல்.

நான் குதித்து ஓடப் பார்த்தேன். அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "இன்னும் கரைக்கு வரல. எண்ணு."

எண்ணினேன். அடித்தாள். குரல் நெருங்கியது. எண்ணினேன். வெள்ளைக்குள் ஓர் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தது, பிறகு இன்னொன்று. படகின் மூக்கு துறைக் கட்டையில் இடித்த சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் மாமா ஏறி வந்தார். தாமிரபரணியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த பாறையில் கடல்நாய்கள் படுத்திருந்தனவாம். அவற்றைப் போட்டோ எடுக்கக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், தாண்டிப் போனார்களாம். போட்டோ எடுக்கும்போதே போன் கடலுக்குள் போய்விட்டதாம். நிமிர்ந்து பார்த்தால் பனி. அம்மா அவரைத் திட்ட வாயெடுத்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி கொடுத்த போர்வையை அவர் தலையோடு சேர்த்துச் சுற்றிவிட்டாள்.

அப்பா துறையின் மரப்படியில் நான்கு காலால் தவழ்ந்துதான் ஏறினார். ஏறியதும் என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் உள்ளங்கைகளில் கொப்புளம் வெடித்திருந்தது. "ஆமா பாப்பா" என்றார் என் காதருகே. "அப்பா ஸ்கேர்ட்தான். ரொம்ப."

அடுப்படியில் உட்கார்ந்து சூடாகத் தேநீர் குடிக்கும்போது மாமா மெல்லச் சொன்னார். முதலில் கேட்ட மணியை நோக்கித்தான் துடுப்புப் போட்டாராம். அதைத் தடுத்தது அப்பா. அப்பாவுக்கு அலுவலகத்தில் வேலையே, மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு என்று பார்ப்பது.

"ஒரு மணி கண்டபடி அடிச்சுது. இன்னொண்ணு ரெண்டு அடி, அப்புறம் இருபது செகண்ட் கேப்" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. "எல்லாம் கரெக்டா வந்தப்போ, மிஷினாத்தான் இருக்கும், எங்கயாச்சும் நடுக்கடல்ல வெச்சிருப்பான்னு ஒரு டவுட். நடுவுல ஒரே ஒரு தடவை கேப் ரொம்ப நீளமாயிடுச்சு. அப்போதான் கன்ஃபார்ம் பண்ணேன். மிஷின் இல்ல, மனுஷங்க. கரை அங்கதான் இருக்கு. மாப்ள, திருப்புன்னேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மீட்புப் படகு வந்தபோது பனியே பாதி விலகியிருந்தது. வந்தவர்கள் மாமாவைத் துறையில் நிற்கவைத்து, அடக்கமான குரலில், நிதானமாக, நீண்ட நேரம் திட்டினார்கள். மாமா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எஸ் சார் சொன்னார். பிறகு ஆன்ட்டி உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பழைய குறிப்பேடு அல்ல. இன்றைக்கும் தீவில் வைத்திருக்கும் குறிப்பேடு. காற்று, வானிலை, வந்தவர்கள். என் கையில் கட்டு, நீங்களே இன்றைக்கு எழுதுங்கள் என்று அம்மாவிடம் பேனாவை நீட்டினார்.

அம்மா மேஜை முன் உட்கார்ந்தாள். புடவைக்குக் கொசுவம் வைப்பதற்குமுன் செய்வதுபோல, ஈரத் துப்பட்டாவை உதறித் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். ஆன்ட்டியிடம் நேரத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். காற்று இல்லை. மூடுபனி எப்போது இறங்கியது, மணி எப்போதிலிருந்து எப்போதுவரை அடிக்கப்பட்டது, அடியின் கணக்கு, இடையில் ஒருமுறை பிசகியது, திரும்பி வந்தவர்கள் இருவர். எல்லாவற்றையும் ஆய்வகக் குறிப்புப்போல அளவாக எழுதி முடித்தாள். அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு வந்ததும் அவள் பேனா நின்றது. நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். தபால் படகின் ஊதல் கேட்டுவிட்டது. அப்பா வாசலுக்குப் போய்ப் படகுக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பிறகு அம்மா எழுதினாள். பள்ளிப் படிவங்களில் எனக்காகப் போடும் கிறுக்கல் கையெழுத்து இல்லை. தன் முழுப்பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். ஒரு காற்புள்ளி வைத்து எம்.எஸ்ஸி. என்றாள் பேனாவால்; இன்னொரு காற்புள்ளி வைத்து எம்.ஃபில். கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறைந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. மணி அடித்ததற்கு யாராவது படித்த படிப்பை எழுதுவார்களா? ஆன்ட்டி என்ன நினைப்பார்?

ஆன்ட்டி என்ன நினைத்தார் என்பது அந்த இலையுதிர்காலத்தில் எடிசனுக்கு வந்த கனத்த உறையில் இருந்தது. ஐந்து வாரப் பக்கங்களின் நகல்கள், கூடவே தேடி எடுத்த வேறு கடிதங்கள், எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று ஒரு குறிப்பு. அம்மா சாப்பாட்டு மேஜை முழுக்க விரித்தாள். பல வாரம் நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக் கூட யாரும் நகர்த்தக் கூடாது என்று என்னை எச்சரிப்பார். அடுத்த கோடையில் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் விளக்க அட்டை மாறியது. காவலரின் மனைவியின் பெயர் அதில் ஏறியது. நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்கு வேலை அனுமதி வந்தது. இப்போது அவள் ஒரு சமுதாயக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். மாணவர்கள் யாருடைய ஆய்வறிக்கையை யார் எழுதினார்கள் என்று இன்றும் கண்டுபிடித்துவிடுகிறாளாம்.

ஆனால் அன்று மாலை இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தபால் படகில் மாமா ஒரு மூலையில் சுருண்டு தூங்கிவிட்டார். அப்பா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்புளம் படாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியிடத்தில் அவர்கள் கைபிடித்து நான் பார்த்ததே இல்லை. அதனால் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அம்மா, வொய் டிட் யூ ரைட் ஸச் எ லாங் நேம்? நீ எப்பவும் சின்னதாத்தானே போடுவ?"

அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அங்க இடம் இருந்துச்சு."

அவள் அந்தக் கோட்டின் நீளத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையிலேயே நீளமான கோடுதான்.